ஃபியூஸ் போகாத வீடு

"இந்த வீட்டுல இதை மாட்ட முடியாது, சார்," என்றாள் எலக்ட்ரீஷியன்.

சிக்னல்காரர் காதில் விழாதது போல நின்றார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்றைக்கும் அதுதான் அவர் பெயர். முடியாது என்ற சொல் அவருடைய கூரைக்கடியில் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

குளியலறை வாசலில் அட்டைப்பெட்டி பிரிந்து கிடந்தது. அதற்குள் வெள்ளை வெளேரென்று ஓர் எலெக்ட்ரிக் ஷவர். திறந்த நிமிஷமே சுடுதண்ணீர் கொட்டுமாம். மகள் அனுப்பி வைத்திருந்தாள். அம்மாவுக்குத் தோள்பட்டை இறுகிப்போய் மூன்று மாதமாகக் கையைத் தூக்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து வெந்நீர்ப் பானையைச் சிக்னல்காரர்தான் தூக்கிவந்தார். பாதி வெந்நீர் வழியிலேயே தரைக்கும், கொஞ்சம் அவர் காலுக்கும் போய், மிச்சம்தான் மனைவிக்குக் கிடைத்தது.

"ஏன் முடியாது?" என்றார் கடைசியில்.

அவள் தலைக்கு மேலே கை காட்டினாள். சுவரோரமாக மரச்சட்டம் ஓடி, அதன்மேல் கறுத்த வயர்கள் படுத்திருந்தன.

"இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி போட்ட வயரிங். பதினஞ்சு ஆம்பியர் தாங்கினாலே பெரிய விஷயம். இந்த ஷவரை மூணாம் நம்பர்ல வச்சா முப்பது இழுக்கும். மீட்டர்லேர்ந்து தடி வயர் தனியா இழுக்கணும். அந்தப் பழைய பீங்கான் ஃபியூஸைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுப் பெட்டி வைக்கணும். அப்புறம்தான் ஷவர்."

"கழட்டிப் போட்டுட்டு" என்ற இடத்தில் சிக்னல்காரரின் முகம் மாறியது.

"கொஞ்சம் இப்படி வாம்மா," என்று அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கியது. மேலே நிரந்தரமாகப் பெயிண்டில், "ஃபியூஸ் போகாத நாட்கள்". கீழே சாக்பீஸில், 9,996.

"படி," என்றார்.

அவள் படித்தாள். சிலேட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது நிஜமா, சார்?"

இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தார். இந்தக் கதை தொடங்கும்போதெல்லாம் மனைவிக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். இப்போதும் வந்தது.

கதை இதுதான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பிரம்பு வளையம் வைத்திருப்பார்கள். டோக்கன் என்று பெயர். அது எந்த டிரைவர் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டியை எடுக்கலாம். மற்றவர் எவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸ் ஓட்டினாலும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இந்தப் பழைய வீட்டை வாங்கிக் குடிவந்த மூன்றே மாதத்தில் பதினோரு தடவை ஃபியூஸ் போனது. சிக்னல்காரர் யோசித்தார். அதே மாதிரி ஒரு வளையம் செய்துவந்து மீட்டர் பக்கத்து ஆணியில் மாட்டினார். மிக்ஸியோ, இஸ்திரிப் பெட்டியோ, தண்ணீர் மோட்டாரோ, வளையத்தைக் கையில் எடுத்தவர்தான் போடலாம். வேலை முடிந்ததும் திரும்ப ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று.

"அன்னியிலேர்ந்து போகல," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "நூறாவது நாள் பெட்டிக்குக் கம்பி கட்டி அரக்கு வச்சேன். இன்னிவரைக்கும் அந்த அரக்கு உடையல. உலகத்துல எந்த வீட்டுலயாவது பாத்திருக்கியா?"

"இல்ல சார். ஆனா ஃபியூஸ் போறதுக்குத்தானே இருக்கு."

"போறதுக்கா? அப்போ ரயில் எதுக்கு இருக்கு, கவிழறதுக்கா?"

அவள் பையை மூடினாள்.

"சனிக்கிழமை பத்தாயிரம்," என்றார் அவர், கொஞ்சம் இறங்கிவந்து. "அது முடியட்டும். ஞாயித்துக்கிழமை வந்து என்னத்தை வேணா கழட்டிக்கோ. இப்போதைக்கு இதைச் சுவத்துல சும்மா மாட்டிக் கொடுத்துட்டுப் போ. கனெக்‌ஷன் வேண்டாம்."

"கனெக்‌ஷன் கொடுக்கக் கூடாது, சார். நீங்களும் கொடுக்கக் கூடாது."

"நான் எதுக்குக் கொடுக்கறேன்?" என்றார் சிக்னல்காரர். அப்போது அவர் உண்மையைத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் சுவரில் பளபளக்கும் ஷவரைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். அடுத்த நிமிஷமே போன் வந்தது.

"சூப்பர்ப்பா. அம்மா குளிச்சாச்சா?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஓ, குளிச்சாச்சே," என்றார்.

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "யாரு குளிச்சா?"

"அப்பா, போனை அம்மாகிட்டக் கொடுங்க."

அம்மா சுருக்கமாகத்தான் பேசினாள். சுவரில் மாட்டியிருக்கிறது, நன்றாக இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன், தண்ணீர் மட்டும் வராது. மகள் அதைவிடச் சுருக்கமாகப் பேசினாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறாள். வரும்போது அம்மா ஷவரில் குளித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சிலேட்டை அவளே எடுத்து உடைப்பாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று சிக்னல்காரருக்குப் புரிந்தது. ஆனால் முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை தாமதங்களைச் சரிக்கட்டியிருக்கிறார். ஷவரின் குமிழை ஆராய்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று அளவுகள். மூன்றுக்கு முப்பது ஆம்பியர் என்றால் ஒன்றுக்குப் பத்து என்று கணக்குப் போட்டார். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் பத்து என்ன, பதினைந்துகூடப் போகலாம். குளியலறைச் சுவரில் ஒரு பழைய பிளக் பாயிண்ட் சும்மாதான் கிடந்தது.

புதன்கிழமை காலை அவரே கனெக்‌ஷன் கொடுத்தார்.

சோதனை ஓட்டத்துக்கு அவர் செய்த ஏற்பாடுகளைப் பார்த்தால் அந்த வழியாக ஜனாதிபதியின் ரயில் வருகிறது என்று நினைத்திருப்பீர்கள். ஃபிரிட்ஜ் அணைந்தது. ஃபேன்கள் அணைந்தன. மாடியில் குடியிருக்கும் டீச்சருக்கும் இதே லைன்தான் என்பதால் அங்கேயும் எல்லாம் அணைந்தன. வளையத்தை மனைவியின் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, மீட்டருக்கு அடியில் நின்று விசில் ஊதினார்.

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபியூஸ் பெட்டியையே பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கத்தினார்.

"வெயில்ல வச்ச தண்ணி மாதிரி இருக்கு."

"வெதுவெதுன்னு இருக்குன்னு சொல்லு."

"வெயில்ல, காலை வெயில்ல வச்ச தண்ணி மாதிரி."

என்றாலும் ஃபியூஸ் போகவில்லை. அந்த வெற்றியில் தலைகால் புரியாமல் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிட்டார். மாலைக்குள் பால் திரிந்து, ஐஸ் உருகி, அடுப்படித் தரை முழுக்க ஓடியது. மாடியில் ஃபேன் இல்லாமல் வெந்துபோன டீச்சர் கீழே வந்து, "சார், லைன் எப்போ கிளியர் ஆகும்?" என்று கேட்டாள். குடிவந்த புதிதில் இந்த வளையத்தைப் பார்த்துச் சிரித்தவள் அவள். இப்போது அவளுக்கும் ரயில் பாஷை வந்துவிட்டது.

"அடுத்த தடவை இப்படி ஆகாது," என்றார் சிக்னல்காரர். "ஷவர் ஓடும்போது வளையம் கீழே. இஸ்திரி போடணும்னா மாடியிலேர்ந்து கயித்துல கூடையை இறக்குங்க, வளையம் மேலே வரும். எல்லாத்துக்கும் ஒரு டைம்டேபிள் எழுதிடறேன்."

எழுதினார். ஏழு மணி முதல் ஏழு பத்து வரை டீச்சரின் இஸ்திரி. ஏழு பன்னிரண்டுக்கு மோட்டார். எட்டு மணிக்கு ஷவர்.

வெள்ளிக்கிழமை, அதாவது 9,999ஆம் நாள், டீச்சர் இஸ்திரி போட்டாள், வளையத்தைத் தோளில் மாட்டினாள், கீழே இறங்கும்போது ஆணியில் மாட்டிவிடலாம் என்று நினைத்தாள், நினைத்தபடியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஏழு பன்னிரண்டுக்குச் சிக்னல்காரர் ஆணியைப் பார்த்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மோட்டாரைப் போடுங்க, தொட்டியில தண்ணி இல்ல," என்றாள் மனைவி.

"வளையம் இல்ல."

"வளையம் எதுக்கு? வீட்டுல நாம ரெண்டு பேர்தானே இருக்கோம். வேற யாரு போடப் போறா?"

"அப்படி நினைச்சுத்தான் எல்லா விபத்தும் நடக்குது."

"இன்னொரு வளையம் செஞ்சுக்கலாமே."

"ஒரே லைனுக்கு ரெண்டு டோக்கனா?" என்றார் அவர். "இவ்வளவு வருஷம் என்கூட இருந்துட்டு இதைக் கேக்கறியே."

மனைவி ஒரு நீண்ட பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் கேட்கப் போனாள். ஒரு கையால்தான் தூக்க முடிந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஓடிப்போய் குடத்தை வாங்கிக்கொண்டார். வழக்கம்போலப் பாதி சிந்தியது.

பிறகு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். ஏழாம் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், என் டோக்கன்," என்றார். நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு, நாற்காலியின் முதுகில் தொங்கிய வளையத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"டீச்சர், அது என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் சிக்னல்காரர் ஆரம்பித்துவிட்டார். கால் மணி நேரம் பேசினார். பத்தாயிரம் என்ற இடத்தில் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. குளிக்காமல், சமைக்காமல், துவைக்காமல் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "கை தட்டினாங்க," என்று சொன்னார்.

"நல்லது," என்றாள் அவள்.

சனிக்கிழமை விடிந்தது.

சாக்பீஸை எடுத்துப் புது எண்ணை எழுதினார். இத்தனை வருஷமாக நாலு இலக்கம் எழுதிப் பழகிய சிலேட்டில் ஐந்தாவது இலக்கம் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. 10,000. சலவைச் சட்டை போட்டிருந்தார். பச்சைக் கொடி ஒரு கையிலும் சிவப்புக் கொடி மறு கையிலும் இருந்தன. இனி ஒரே ஒரு குளியல். மகள் வரும்போது மனைவியின் தலை ஈரமாக இருக்க வேண்டும், சிலேட்டில் எண் அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் நடந்துவிட்டால் அவர் வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டாம்.

ஒன்பதரைக்கு எல்லாம் அணைந்தன. டீச்சர் மாடிப்படியில் சாட்சியாக உட்கார்ந்தாள். மனைவி துண்டும் வளையமுமாக நின்றாள்.

"குமிழ்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கேன். ஒண்ணாம் நம்பரைத் தாண்டாது. அதைப் பிரிக்கக் கூடாது."

"ம்."

"சும்மா ம் சொல்லாத. சரின்னு சொல்லு."

"பத்தாயிரம் நாளா சரின்னுதானே சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் பச்சைக் கொடியை ஆட்டினார். தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. உள்ளேயிருந்து, "அப்பாடா," என்று ஒரு பெருமூச்சு வந்தது. மூன்று மாதமாக அவள் வாயிலிருந்து வலி வலி என்பதைத் தவிர வேறு சத்தமே கேட்காதவருக்கு அந்த அப்பாடா பாட்டுக் கச்சேரி மாதிரி இருந்தது. டீச்சரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

டீச்சர் மூக்கைச் சுளித்தாள். "சார், ஏதோ கருகற மாதிரி வாசனை வருது."

"உங்க வீட்டு அடுப்பா இருக்கும்."

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல."

இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். குளியலறைக் கதவுக்கு மேலே மரச்சட்டத்திலிருந்து ஊதுபத்திபோல மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. வயரின் மேல்தோல் கறுப்பாக உருகி ஒரு சொட்டு கீழே விழுந்தது.

சிவப்புக் கொடியை ஆட்ட நேரமில்லை. இரண்டு கொடிகளையும் கீழே போட்டுவிட்டு ஒரே தாவலில் மெயின் ஸ்விட்சைப் பிடித்து இழுத்தார். புகை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடங்கியது.

"என்னங்க, தண்ணி ஆறிப்போச்சு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எந்த நம்பர்ல வச்ச?"

"மூணு."

"பிளாஸ்திரி?"

"ஈரத்துல தானா வந்துடுச்சு," என்றாள். பிறகு, "நகத்தால கொஞ்சம் உதவி பண்ணினேன்," என்றாள்.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கண் ஃபியூஸ் பெட்டியின் அரக்கின்மேல் இருந்தது. மெல்ல மெல்ல ஒரு பெரிய பெருமை அவருக்குள் ஏறியது.

"மூணாம் நம்பர்," என்றார் டீச்சரிடம். "முப்பது ஆம்பியர். வயரே உருகிடுச்சு. ஃபியூஸ் அசையல, பாத்தீங்களா?"

வாசலில் ஆட்டோ நின்றது. மகள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பையுடன் எலக்ட்ரீஷியனும் இறங்கினாள். அப்பாவின் குணம் தெரிந்த மகள் வழியிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அம்மா எங்க? என்ன இது, புகை நாத்தம்?" என்றாள் மகள்.

"அம்மா குளிச்சாச்சு, தலை ஈரம், போய்ப் பாரு," என்றார் சிக்னல்காரர். அவருக்கு வேண்டியவள் எலக்ட்ரீஷியன்தான். அவளைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். "என்னமோ ஃபியூஸ் போறதுக்குத்தான் இருக்குன்னு சொன்னியே. முப்பது ஆம்பியர்ல நின்னுது பாரும்மா."

அவள் சிலேட்டைப் பார்க்கவில்லை. உருகிய வயரைப் பார்த்தாள்.

"வயர் உருகிச்சு. ஃபியூஸ் போகல."

"போகல."

"அப்படி நடக்கவே முடியாது, சார்."

"என் வீட்டுல நடக்கும்."

"பெட்டியைத் திறக்கணும்."

பத்தாயிரம்தான் வந்துவிட்டதே. இப்போது சாட்சிகள் முன்னால் திறப்பதுதான் அழகு. சிக்னல்காரர் தன் கையாலேயே அரக்கை உடைத்து, கம்பியைப் பிரித்து, ஒதுங்கி நின்றார். எலக்ட்ரீஷியன் மெயின் ஸ்விட்சை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, தூசியும் ஒட்டடையுமாக இருந்த பீங்கான் கட்டையை வெளியே இழுத்தாள். திருப்பினாள். அப்படியே நின்றாள்.

"என்னம்மா?" என்றார் அவர்.

அவள் கட்டையை அவர் பக்கம் நீட்டினாள். கரண்ட் கூடினால் உருகி அறுந்துவிட, தலைமயிர் அளவுக்கு மெல்லிசாக ஒரு ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், கெட்டியாக, கறுப்பாக, இரண்டாக மடங்கி ஒரு கொண்டை ஊசி இருந்தது.

தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "அது என்னுதுதான்," என்றாள்.

"எப்போ?" என்றார் சிக்னல்காரர்.

"நீங்க வளையம் மாட்டின மறுநாள். நீங்க டூட்டிக்குப் போயிட்டீங்க. இவ கைக்குழந்தை, அழுதுக்கிட்டே இருந்தா. ஒரு அவசரத்துல மிக்ஸியையும் மோட்டாரையும் சேர்த்துப் போட்டுட்டேன். ஃபியூஸ் போயிடுச்சு. போட்டு வைக்கலாம்னு பாத்தா வீட்டுல கம்பி இல்ல. நீங்க போடறதைத்தான் பதினோரு தடவை பாத்திருக்கேனே. கொண்டையிலேர்ந்து ஒரு ஊசியை எடுத்துச் சொருகிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சாயங்காலம் நீங்க வந்து மீட்டரைப் பாத்துட்டு, ஒரு நாள் தாங்கிடுச்சுன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சீங்க. எப்படிங்க சொல்வேன்?"

"அதுக்கப்புறமாவது?"

"அதுக்கப்புறம் சிலேட்டு வாங்கிட்டு வந்துட்டீங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டீச்சர் மாடிப்படியை எண்ணுவதுபோலப் பார்த்தாள். சிக்னல்காரருக்கு நேற்றுக் கை தட்டிய நாற்பது பிள்ளைகளும் கண்முன் வந்தார்கள்.

"அப்போ உண்மையில எத்தனை நாள்?" என்று கேட்டார்.

மனைவி யோசித்தாள். அவருக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்த்திருப்பாள். "ஒரு நாள்," என்றாள். "மத்தியானம்வரைக்கும் சேர்த்தா ஒண்ணரைன்னு சொல்லலாம்."

அவர் சிலேட்டை ஆணியிலிருந்து கழற்றினார். பெருமைப்பட இந்த ஒன்றுதான் இருந்தது. உள்ளங்கையால் ஓரத்திலிருந்து அழிக்கத் தொடங்கினார். நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தக் கடைசிப் பூஜ்யம்தான் முதலில் போனது.

எலக்ட்ரீஷியன் இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. கருகிய சட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். குளியலறைக் குழாயில் தொங்கிய பிரம்பு வளையத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"இந்த வீட்டுல ரெண்டு பெரிய சாமானை ஒண்ணாப் போட்டதே இல்லையா?"

"போட விட்டாத்தானே," என்றாள் டீச்சர்.

எலக்ட்ரீஷியன் நடந்துவந்து, சிலேட்டின்மேல் இருந்த அவர் கையை மெல்ல நகர்த்திவிட்டு, பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அழிந்த பூஜ்யத்தைத் திரும்ப எழுதினாள்.

"அந்த ஊசி இருந்த வீடு என்னைக்கோ எரிஞ்சு போயிருக்கணும், சார்," என்றாள். "இத்தனை வருஷமா இங்க ஃபியூஸா இருந்தது நீங்கதான்."